புதிதாக இன்சார்ஜ் ஆனவர்களுக்கு: மாற்றம் வரும்போது ஆட்களையும் வேலையையும் சிதறவிடாமல் காப்பது எப்படி?

ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். "திங்கள் முதல் ஷிப்ட் காலை 6 முதல் 2 வரை, மதியம் 2 முதல் 10 வரை. அனைவரும் ஒத்துழைக்கவும்." நான் இன்சார்ஜ் ஆகி அன்றைக்கு 19 நாள். மேலே சொன்னதைக் கீழே அனுப்பியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். திங்கள் காலை 24 பேர் வர வேண்டிய ஷிப்டுக்கு 13 பேர்தான் வந்தார்கள். அந்த வாரத்துக்குள் மூன்று பேர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூவரும் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள்.

திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் பக்கம் உணவுப்பொருள் பேக்கிங் செய்கிற ஒரு ஆலையில் வேலை பார்க்கிறேன். ஆப்பரேட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, இப்போது இன்சார்ஜ். எனக்குக் கீழே நான்கு சூப்பர்வைசர்களும் 46 ஆட்களும் இருக்கிறார்கள். மேலே ஜி.எம்., அதற்கு மேலே எம்.டி. இடைநிலை மேலாளர் என்று சொல்வது நம்மைத்தான். மாற்றத்தை முடிவு செய்வது நம் கையில் இல்லை, ஆனால் அதை நடத்திக் காட்ட வேண்டியது நாம்.

"நீங்க ஃபிளெக்சிபிளா இருக்கணும்" என்று பதவி கொடுத்த அன்றே என்னிடம் சொன்னார்கள். எது சொன்னாலும் "சரி சார்" என்று செய்வதுதான் அது என்று புரிந்துகொண்டேன். அந்தத் தப்பான புரிதலுக்கு ஆலையும் விலை கொடுத்தது, அந்த மூன்று குடும்பங்களும் விலை கொடுத்தன. மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதில் முக்கால்வாசி வேலை மாற்றம் வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியது. அதை எந்த வரிசையில், எந்தக் காகிதங்களோடு, எவ்வளவு நாளில், எவ்வளவு செலவில் செய்வது என்பதை அப்படியே எழுதுகிறேன். ஆலையை வைத்து எழுதினாலும் ஜவுளிக்கடை ஃப்ளோர் மேனேஜருக்கும், ஆஸ்பத்திரி வார்டு இன்சார்ஜுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதல் வாரம்: ஐந்து காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

பதவி உயர்வு கடிதம் கையில் வந்ததும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு ஹெச்.ஆரிடம் போய் உட்காருங்கள். வாங்க வேண்டியவை:

- உங்கள் பொறுப்புகள் எழுதிய தாள். கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது.
- நிறுவனத்தின் நிலையாணைகள் (ஸ்டாண்டிங் ஆர்டர்) அல்லது பணி விதிகளின் நகல்.
- இப்போது நடைமுறையில் இருக்கும் ஷிப்ட் நேர அறிவிப்பு.
- உங்கள் பிரிவுக்கு மாதம் எத்தனை மணி நேரம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) அனுமதி என்ற கணக்கு.
- கான்ட்ராக்ட் ஆட்களின் பட்டியல். அவர்களை வேறு வேலைக்கு மாற்ற யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அதோடு வேண்டும்.

இதற்குச் செலவு இல்லை, ஆனால் நாள் பிடிக்கும். எனக்கு நான்கு நாளில் மூன்று தாள் கிடைத்தன, பொறுப்புகள் எழுதிய தாளுக்கு ஒரு மாதம் ஆனது. நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி, "இதுதான் என் பொறுப்பு என்று புரிந்துகொண்டிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்" என்று மெயில் அனுப்பிவிட்டால் சீக்கிரம் பதில் வரும். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: யாரிடமும் கேட்காமல் நீங்களே எதை மாற்றலாம், எதற்கு ஜி.எம். ஒப்புதல் வேண்டும். இந்தக் கோடு தெரியாத இன்சார்ஜ் ஒன்று எதையும் செய்யத் தயங்குவார், அல்லது கை வைக்கக் கூடாததில் கை வைப்பார்.

2. முதல் மாதம்: யாருக்கு என்ன வேலை தெரியும் என்று அட்டவணை போடுங்கள்

ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். திடீரென்று எந்த மாற்றம் வந்தாலும் முதலில் வருகிற கேள்வி, "இந்த இடத்தில் யாரை நிறுத்துவது?" என்பதுதான். அதற்கு மனதுக்குள் இருக்கிற பதில் போதாது. நானும் எட்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தவன், எல்லாரையும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தபோது தேதி அச்சிடும் மெஷினைத் தனியாக ஓட்டத் தெரிந்தவர் மொத்த ஆலையிலும் ஒரே ஒருவர் என்று தெரிந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் லைன் நிற்கும்.

இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகள்: சலிப்பது, எடை, பவுச் மெஷின், சீலிங், தேதி அச்சு, மெட்டல் டிடெக்டர், பெட்டி கட்டுவது, லோடிங் சீட்டு எழுதுவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். தெரியாது என்றால் 0, பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்வார் என்றால் 1, தனியாகச் செய்வார் என்றால் 2, மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பார் என்றால் 3.

எண்ணை ஆளிடம் கேட்டு மட்டும் போடாதீர்கள். தன்னம்பிக்கை உள்ளவர் 3 என்பார். அவரைவிட நன்றாகச் செய்கிற அக்கா கூச்சப்பட்டு 1 என்பார். சூப்பர்வைசர் சொல்வதையும் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்கு வேண்டியவர்கள் இருப்பார்கள். நேரில் நின்று பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர் வீதம் பார்த்தால் 46 பேருக்கு 12 வேலை நாள், அதாவது இரண்டு வாரம்.

முடித்ததும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் 2 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். ஒருவர் லீவு, ஒருவர் அடுத்த ஷிப்ட், ஒருவர் கையில். மூன்றுக்குக் குறைந்த இடங்களில் சிவப்பு வட்டம் போட்டு அங்கே பயிற்சியைத் தொடங்குங்கள்.

செலவு என்ன என்று ஜி.எம். நிச்சயம் கேட்பார். கணக்கோடு போங்கள். நான் எடுத்துப் போன கணக்கு இது: கற்றுக்கொள்பவருக்கு நாள் சம்பளம் 600 ரூபாய், மணிக்கு 75. தினம் ஒரு மணி நேரம் வீதம் 12 நாள் பயிற்சி என்றால் 900 ரூபாய். கற்றுக்கொடுப்பவருக்கு நாள் சம்பளம் 800, மணிக்கு 100, அந்த நேரத்தில் அவர் வேகம் பாதியாகும், ஆக 600. ஒரு ஆளைத் தயார் செய்ய 1,500 ரூபாய். ஆப்பரேட்டர் இல்லாமல் லைன் நான்கு மணி நேரம் நின்றால் அதில் உள்ள ஒன்பது பேருக்கு நாம் சும்மா கொடுக்கிற சம்பளமே 2,700. அனுப்பாமல் போன சரக்கின் நஷ்டம் தனி. இந்தக் கணக்கைக் காட்டிய பிறகு அனுமதி கிடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தனக்கு மட்டும் தெரிந்த வேலையைக் கற்றுக்கொடுக்க ஆள் தயங்குவார். அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள், அது பயம். தேதி அச்சு மெஷின்காரர் என்னிடம் நேராகவே கேட்டார்.

"நான் சொல்லிக் கொடுத்திட்டேன்னா அப்புறம் என்னைய எதுக்கு அண்ணாச்சி வச்சிருப்பீய?"

என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை அண்ணாச்சி என்கிறார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வாய்ச்சொல்லாகச் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. ஹெச்.ஆரிடம் இரண்டு மாதம் அலைந்து, கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு மாதம் 500 ரூபாய் பயிற்சிப் படி என்று எழுத்தில் வாங்கினேன். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்த மறுவாரம் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இப்போது அந்த மெஷினை நான்கு பேர் ஓட்டுகிறார்கள். அவரும் எங்களோடுதான் இருக்கிறார்.

3. முதல் மாதத்திலேயே: ஊர் நாட்காட்டி ஒன்று வையுங்கள்

ஆலை சுவரில் தொங்குகிற காலண்டரில் அரசு விடுமுறைகள் இருக்கும். நம் ஆட்கள் எப்போது வரமாட்டார்கள் என்பது அதில் இருக்காது. திருநெல்வேலிப் பக்கம் வேலை பார்க்கிற எந்த மேலாளரும் இந்த இரண்டாவது நாட்காட்டி இல்லாமல் ஒரு வருடத்தைத் தாண்ட முடியாது.

கொடையில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாவில் தொடங்குங்கள். ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு குடும்பக் கோயிலுக்கும் கொடை வேறு வேறு வாரத்தில் வரும். அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்று கோடை தொடங்கி மாதக்கணக்கில் எங்காவது நடந்துகொண்டே இருக்கும். கால்நாட்டு (திருவிழாவுக்குக் கால் ஊன்றுவது) நடந்த பிறகு லீவு கேட்டால் "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று நாம் கோபப்படுகிறோம். வீட்டுக்கு வீடு வரி பிரிக்கும்போதே அவர்களுக்குத் தேதி தெரியும். நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. நான் இப்போது பங்குனி மாதமே ஒவ்வொருவரிடமும் "உங்க கோயில் கொடை எப்போ?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். தேதி முடிவாகவில்லை என்றால் மாதத்தையாவது குறிக்கலாம்.

அடுத்து, ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். அதற்குக் குடும்பத்தோடு போய்த் தங்குகிறவர்கள் ஒரு நாளில் திரும்ப மாட்டார்கள். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுகிறவர்கள் உங்கள் ஆலையிலும் இருப்பார்கள். விரதம் தொடங்கும்போதே அவர்களைக் கேட்டுவிடுங்கள். திருச்செந்தூர் சஷ்டி, ரம்ஜான் நோன்பு, கிறிஸ்துமஸ் வாரம். நோன்பு மாதத்தில் மேலப்பாளையத்திலிருந்து வருகிற ஆட்களுக்கு மாலை ஷிப்டை ஒதுக்கினால் நோன்பு திறக்கிற நேரத்தில் இடைவேளை வருகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தை முன்னே பின்னே நகர்த்துகிற வேலைதான், யாருக்கும் நஷ்டமில்லை.

வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுடைய நாட்களும் இதில் வர வேண்டும். பீகார்காரர்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு ஆறு நாள் கழித்து வருகிற சட் பூஜைதான் பெரிது. ரயிலில் 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. எனவே இரண்டு மாதத்துக்கு முன்பே அவர்கள் போகும் தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும். திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாலே போதும், எக்செல் கட்டாயமில்லை. செலவு அந்த நோட்டின் விலை, நேரம் ஆளுக்கு இரண்டு நிமிடம்.

என் அப்பா கல்லிடைக்குறிச்சியில் வயல் வைத்திருந்தார். பாபநாசம் அணையின் உச்ச மட்டம் 143 அடி, இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்க்காமல் கார் போக நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவ மாட்டார். தண்ணீர் குறைவாக இருந்தால் பரப்பைக் குறைப்பார், அம்பை 16 போல நூற்றுப்பத்து நாளில் அறுக்கிற ரகத்தைப் போடுவார், இன்னும் மோசம் என்றால் காரை விட்டுவிட்டு அடுத்த போகமான பிசானத்துக்குக் காத்திருப்பார். எந்த மட்டத்துக்கு என்ன செய்வது என்று அவர் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். ஆள் வருகைக்கும் நான் அப்படி மூன்று மட்டம் வைத்திருக்கிறேன். 40 பேருக்கு மேல் இருந்தால் எல்லா லைனும் ஓடும். 30 முதல் 40 என்றால் எந்த லைனை நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறது. 30க்குக் கீழே என்றால் அவசர ஆர்டர் மட்டும். காலை ஆறரை மணிக்குப் பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டியதில்லை.

4. மேலிருந்து மாற்றம் வந்தால்: ஒரு நாள் அவகாசம், ஐந்து கேள்வி

"நாளையிலிருந்து இப்படி" என்று சொல்வார்கள். உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்லாதீர்கள். "செய்யலாம் சார், எப்படிச் செய்வது என்று நாளைக்கு இந்த நேரத்துக்குச் சொல்கிறேன்" என்று ஒரு நாள் வாங்குங்கள். நான் கேட்டுப் பார்த்த வரையில், நிஜமான அவசரம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள் கிடைத்திருக்கிறது.

கேட்க வேண்டியவை: இது எதற்காக? என்றைக்குள்? எவ்வளவு காலத்துக்கு? இதற்காக எதை நிறுத்தலாம் அல்லது குறைக்கலாம்? கூடுதல் செலவு எந்தக் கணக்கில்?

முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஷிப்ட் மாற்றத்தில் நான் கேட்காமல் விட்டது அதைத்தான். பிறகு விசாரித்தபோது விஷயம் மிகச் சின்னதாக இருந்தது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற ஒரு லாரி காலை 11 மணிக்குள் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். அதற்கு 46 பேருடைய ஷிப்ட் நேரத்தையும் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. கங்கைகொண்டானிலும் தாழையூத்திலும் குடியிருக்கிற, பைக் வைத்திருக்கிற எட்டுப் பேர் காலை 6 மணிக்கு வந்தால் லோடு தயார். மூன்று வாரம் கழித்து அப்படித்தான் மாற்றினோம், இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது. உத்தரவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அதற்குப் பின்னால் இருக்கிற தேவை என்ன என்று பார்த்திருந்தால் அந்த மூன்று பேரும் போயிருக்க மாட்டார்கள்.

சட்டம் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். ஷிப்ட் நேரம், சம்பள முறை போன்ற பணி நிபந்தனைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றும்போது 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த விதி. 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். எல்லா மாற்றத்துக்கும் இது பொருந்தாது. இந்த மாற்றத்துக்குப் பொருந்துமா என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும் ஓ.டி.க்கு இரண்டு மடங்கு சம்பளமும் ஆலைக்கு ஆலை வளைகிற விஷயங்கள் இல்லை. மணிக்கு 75 ரூபாய் வாங்குகிறவருக்கு ஓ.டி. மணிக்கு 150. பத்துப் பேருக்குத் தினம் இரண்டு மணி நேரம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய், 26 நாளுக்கு 78,000. "கொஞ்சம் சேர்த்துப் பார்த்துக்கோங்க" என்று மேலே சொல்லும்போது இந்தத் தொகையை எழுதிக் காட்டுங்கள். பெண்களை இரவு நேர ஷிப்டுக்கு மாற்றுவதாக இருந்தால் எழுத்தில் அவர்கள் சம்மதமும் வீடு வரை வண்டியும் இல்லாமல் ஒரு நாள்கூடத் தொடங்காதீர்கள்.

பேசி முடித்ததும் நான்கு வரி மெயில் போடுங்கள்: என்ன மாற்றம், எந்தத் தேதி முதல், எதை நிறுத்துகிறோம், யார் ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவேயில்லையே" என்ற பேச்சு வராது.

5. ஆட்களிடம் சொல்வது: வரிசை மாறினால் எல்லாம் கெடும்

முதலில் சூப்பர்வைசர்கள், நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்து. அப்புறம் லைனில் மற்றவர்கள் மதிக்கிற மூத்த ஆட்கள் மூன்று நான்கு பேர், தனித்தனியாக. அப்புறம்தான் எல்லாருக்கும், ஷிப்ட் மாறுகிற நேரத்தில், நேரில். வாட்ஸ்அப் கடைசி. நேரில் சொன்னதை நினைவூட்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மூத்த ஆட்களிடம் போகும்போது முடிவை அறிவிக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் மானூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். இருபது வருடமாக வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்.

"காலைல நாலு மணிக்கு எந்திச்சு, சோறு பொங்கி, பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு ஓடி வாரோம் தம்பி. ஆறு மணிக்கு இங்க நிக்கணும்னா வேன் அஞ்சு மணிக்கு வரணும். அந்நேரம் எங்க ஊருக்கு எந்த வேன்காரன் வாரான்? நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பமே."

வேன்காரரிடம் விசாரித்தேன். அதிகாலை ஒரு நடை கூடுதலாக ஓட்ட மாதம் 28,000 ரூபாய் கேட்டார். ஷிப்ட் மாற்றத்துக்கு முன்பு இந்தத் தொகை யாருடைய கணக்கிலும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும்.

எல்லாருக்கும் சொல்லும்போது பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். ஏன் என்ற காரணத்தைச் சொல்லுங்கள். எது மாறாது என்பதையும் சொல்லுங்கள்: சம்பளம் மாறாது, வார லீவு மாறாது, வேன் வரும். மாற்றம் என்றதும் எல்லாரும் முதலில் பயப்படுவது இந்த மூன்றுக்குத்தான். உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியலை, வியாழக்கிழமை சொல்றேன்" என்று சொல்லி, வியாழக்கிழமை பதில் கிடைக்காவிட்டாலும் அதையே போய்ச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். நம் ஊரில் கூட்டத்தில் பேசமாட்டார்கள். டீக்கடையில்தான் பேச்சு வரும். அன்று மாலை டீ இடைவேளையில் அங்கே போய் நில்லுங்கள். பத்துப் பேருக்கு டீ வாங்கினால் 150 ரூபாய்க்குள் முடியும்.

6. ஒரு லைனில், இரண்டு வாரம், திரும்பிப் பார்க்கும் தேதியோடு

எந்த மாற்றத்தையும் முழு ஆலையிலும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். உற்பத்திக் கணக்கை நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு டேப்லெட்டில் போட வேண்டும் என்று வந்தபோது இரண்டாம் லைனில் மட்டும் தொடங்கினோம். முதல் நாள் கணக்கு முடிக்க 40 நிமிடம் கூடுதலாக ஆனது, பத்தாம் நாள் பழைய நேரத்துக்கு வந்துவிட்டது. கையுறை போட்ட கையால் திரையைத் தொட முடியவில்லை என்ற பிரச்சினை முதல் மணி நேரத்திலேயே தெரிந்தது. ஐந்து லைனிலும் ஒன்றாகத் தொடங்கியிருந்தால் அன்றைய கணக்கு முழுதும் போயிருக்கும்.

நோட்டும் டேப்லெட்டும் சேர்ந்து ஓடுகிற காலம் இரண்டு வாரம்தான். தேதி வைத்து நோட்டை நிறுத்துங்கள். "கொஞ்ச நாள் இரண்டும் இருக்கட்டும்" என்று விட்டால் சூப்பர்வைசர்கள் ஒரே கணக்கை இரண்டு தடவை எழுதிக்கொண்டே இருப்பார்கள். புது முறை பாரமாகத் தெரியும்.

அளப்பதற்கு மூன்று எண் போதும்: அன்றைய உற்பத்தி, திருப்பிப் போட வேண்டி வந்த பாக்கெட், வராதவர் எண்ணிக்கை. மூன்றாவது எண் ஏறினால் மாற்றம் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். வாய் திறந்து சொல்வதற்கு முன்பே அது சொல்லிவிடும். பதினைந்தாம் நாள் உட்கார்ந்து தொடரலாமா, திருத்தலாமா, பழையபடி போகலாமா என்று முடிவு செய்யுங்கள். பழையபடி போவது என்றால் அதையும் எல்லார் முன்னாலும் காரணத்தோடு சொல்லுங்கள். நான் ஷிப்டைத் திருப்பி மாற்றிய நாளில் "நான் விசாரிக்காமல் செய்தது தப்பு" என்று சொன்னேன். மரியாதை குறையும் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஆட்கள் என்னிடம் வந்து பேசத் தொடங்கினார்கள். போன மூவரில் ஒருவர் அடுத்த மாதம் திரும்பி வந்தார்.

7. மழைக்கு முன்பே: அவசரத் தாள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தாமிரபரணி கரை தாண்டித் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. எங்கள் ஆட்கள் பலருக்கு மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. எல்லாருடைய எண்ணும் என் போனில்தான் இருந்தது, அந்தப் போனில் சார்ஜ் இல்லை. யார் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, யார் பத்திரமாக இருக்கிறார்கள் என்று மூன்று நாள் எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாள் கவலையை இன்னொருவர் படக் கூடாது என்பதற்காகவே இந்தப் படியைச் சேர்க்கிறேன்.

செப்டம்பர் மாதமே ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஆட்களை ஷிப்ட்படி எழுதாமல் வசிக்கும் இடப்படி எழுதுங்கள்: ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், தாழையூத்து, மானூர்ப் பக்கம். ஒவ்வொரு இடத்துக்கும் நடந்துபோய் விசாரிக்கக் கூடிய ஒருவர் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் இரண்டு எண், ஒன்று அவருடையது, இன்னொன்று வீட்டில் வேறொருவருடையது. அச்செடுத்து லேமினேஷன் செய்து செக்யூரிட்டி அறையில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று, ஒவ்வொரு பகுதி ஆளிடமும் ஒன்று. எங்களுக்கு ஏழு தாளுக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது. போன் எண்கள் அடங்கிய தாள் என்பதால் சுவரில் ஒட்ட வேண்டாம்.

அதே தாளின் பின்பக்கம், நிர்வாகத்திடம் முன்பே ஒப்புதல் வாங்கிய நான்கு விஷயங்களை எழுதுங்கள். வர முடியாத நாட்களை எப்படிக் கணக்கிடுவது, சம்பள முன்பணம் எவ்வளவு வரை யார் கொடுக்கலாம், வீடு நனைந்தவர்களுக்கு எத்தனை நாள் அவகாசம், பாதி ஆட்களோடு ஆலையைத் திறந்தால் எந்த லைன் முதலில். வெள்ளம் வடிகிற நாளில் இவற்றுக்கு அனுமதி கேட்டு அலைய நேரம் இருக்காது. வீடு முழுக்கச் சேறாகக் கிடக்கிற ஆளிடம் "ஏன் வரலை?" என்று கேட்கிற நிலைக்கு நீங்களும் தள்ளப்படக் கூடாது.

8. பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டலாமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம். இரண்டு நாள் ஹோட்டல் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். உங்கள் அட்டவணையும் நாட்காட்டியும் இல்லாமல் அங்கே கேட்பது எதிலும் ஒட்டாது. படிக்க ஆசை இருந்தால் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மேலாண்மைப் பாடங்களைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். அதைவிட, இதே ஊரில் பத்து வருடம் இன்சார்ஜாக இருந்த ஒருவரோடு மாதம் ஒரு மாலை பேசுவது எனக்கு அதிகம் உதவியது.

9. சனிக்கிழமை இருபது நிமிடம்

அட்டவணை, நாட்காட்டி, அவசரத் தாள் மூன்றும் பழையதானால் பயன் இல்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் யார் புதிதாக எதைக் கற்றார், யார் எண் மாறியது, யாருக்குக் கொடைத் தேதி முடிவானது என்று திருத்துங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதை ஒரு சூப்பர்வைசரைச் செய்யச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த அட்டவணையில் இன்சார்ஜ் வேலைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அங்கே 2 வாங்குகிற ஆள் உங்களைத் தவிர இன்னொருவர் இருக்க வேண்டும். அடுத்த மாதம் எங்கள் ஊர்க் கொடை, நான் நான்கு நாள் லீவு. இரண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசர் மூன்று சனிக்கிழமை என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டார். ஃபைலையும் அலமாரி சாவியையும் வெள்ளிக்கிழமை மாலை அவரிடம் கொடுக்கிறேன்.